நிஜாமின் இரண்டு ஃபர்மான்கள்

சாசனங்களின் கதை – 14

ஹைதராபாத் சமஸ்தானத்துக்குப் புதிய ஆட்சிமுறையை வகுத்துத் தந்த குழுவின் தலைவர் ஓர் ஐயங்கார். வக்கீல், திவான் பகதூர் பட்டம் பெற்றவர், பெயர் அரவமுது ஐயங்கார். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1937-ல் இந்தக் குழுவை அமைத்தார். சீர்திருத்தம் 1939 ஜூலையில் ஃபர்மானாக, அதாவது அரச ஆணையாக, அறிவிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய சாசனம், சென்ற வாரம் பார்த்த கானூன்சா-எ-முபாரக். ஆறாம் நிஜாம் 1890-களின் தொடக்கத்தில் தந்தது. மந்திரிகள் கூடலாம், பேசலாம், முடிவு நிஜாமுடையது. 1939 சட்டம் இதைவிடத் தாராளம்தான். 85 பேர் கொண்ட சபை, அதில் 42 பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தொகுதி என்பது ஊரோ தாலுகாவோ அல்ல, தொழில். ஜாகீர்தார்கள், குடியானவர்கள், தொழிலாளர்கள், வணிகர்கள், வக்கீல்கள், வைத்தியர்கள், பட்டதாரிகள் என்று தனித்தனி வாசல்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்களாக இருந்த நாட்டில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம இடங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு தத்துவமும் இருந்தது: மக்களின் உண்மையான பிரதிநிதி அரசரே, தேர்தலில் வந்து போகிறவர்களைவிட அவருக்கும் மக்களுக்கும் உள்ள உறவே இயல்பானது, நிலையானது. இப்படி நம்புகிறவருக்குச் சபை எதற்கு? யோசனை கேட்க மட்டும்தான்.

யுத்தம் வந்தது, தேர்தல் தள்ளிப்போனது. 1946-ல் ஒருவழியாக நடந்தபோது ஸ்டேட் காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. 1938-லிருந்து எட்டு வருஷம் தடையில் இருந்த கட்சி அது. நிஜாமின் சபைக்குள் போய் உட்கார அதற்கு மனம் இல்லை.

சுதந்திர இந்தியாவில் சேராமல் நின்ற சமஸ்தானத்துக்குள் 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே உஸ்மான் அலி கான் இன்னொரு ஃபர்மான் போட்டார்: இந்திய அரசியலமைப்பே இனி ஹைதராபாதுக்கும் அரசியலமைப்பு. அதை எழுதிய சபையில் ஹைதராபாதின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. நிஜாமே மக்களுக்காகச் சம்மதம் சொன்னார். பழைய தத்துவம் கடைசியாக ஒருமுறை உதவிக்கு வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

1950 ஜனவரி 26-ல் நிஜாம் ராஜப்பிரமுகர் (ஆளுநருக்கு இணையான பதவி) ஆனார். முதலமைச்சராக வந்த எம்.கே. வெல்லோடி, யாரும் தேர்ந்தெடுக்காத ஐ.சி.எஸ். அதிகாரி. போதாததற்கு, ஹைதராபாத் போன்ற முன்னாள் சமஸ்தானங்களான ‘பி’ பிரிவு மாநிலங்களைப் பத்தாண்டு மத்திய அரசின் பொதுக் கட்டுப்பாட்டில் வைத்தது அன்றைய 371-வது விதி. முதல் இரண்டு வருஷம் ஹைதராபாத்காரர் ஒருவருக்குப் பழைய சாசனத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

முதல் பொதுத் தேர்தலில்தான் அது தெரிந்தது. சட்டசபைக்கு 175 இடங்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ஜாகீர்தாருக்கும் ஒன்று, அவர் நிலத்தை உழுதவளுக்கும் ஒன்று. காங்கிரஸின் பூர்குல ராமகிருஷ்ண ராவ் முதலமைச்சர் ஆனார். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தை நடத்திய ரவி நாராயண ரெட்டி, நல்கொண்டாவிலிருந்து நேருவைவிட அதிக ஓட்டு வாங்கி நாடாளுமன்றம் போனார். அரவமுது ஐயங்காரின் வாசல்களில் அவர் எதன் வழியாக நுழைந்திருக்க முடியும்?

(தொடரும்)