தங்கக் குழல்காரரின் ராஜினாமா

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் முதல் புல்லாங்குழல் நாற்காலி. குழுவை நடத்துபவர் ஹெர்பர்ட் ஃபான் கரயான். குழல் கலைஞர் ஒருவர் இதற்கு மேல் எந்தப் பதவிக்கு ஆசைப்பட முடியும்? 1975-ல் ஜேம்ஸ் கால்வே அந்த நாற்காலியை உதறியபோது அவருக்கு வயது 35. கரயானுக்கு வியப்பு, வருத்தமும்கூட.

வியப்புக்குக் காரணம் இருந்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் தனி ஆவர்த்தனம் என்பது பியானோவுக்கும் வயலினுக்கும் எழுதிக்கொடுத்த சொத்து. புல்லாங்குழலோ குழுவின் நடுவே உட்கார்ந்து, முறை வரும்போது வாசித்துவிட்டு அடங்கும் கருவி. பிரான்ஸின் ழான் பியர் ராம்பால் போன்ற வெகு சிலரே குழலை மட்டும் நம்பி உலகை வலம்வந்தார்கள். மொஸார்ட்டே தனிக் குழலுக்கு விட்டுச்சென்ற கான்செர்ட்டோக்கள் இரண்டுதான். அதிலும் ஒன்று, ஓபோவுக்கு எழுதியதை மாற்றியமைத்தது.

ஆனால் கால்வே சௌகரியத்தில் வளர்ந்தவர் அல்ல. 1939-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார். அப்பா கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி, அம்மா ஆலைத் தொழிலாளி. குழல் பேண்டுகளுக்குப் பேர்போன ஊர் அது. 14 வயதில் பள்ளியை விட்டு, பியானோ பழுதுபார்க்கும் வேலை கற்கப் போனார். பிறகுதான் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், கில்ட்ஹால். அதன் பின் பாரிஸ் கன்சர்வேட்டரி. லண்டனின் ஓபரா குழுக்களிலும் இசைக்குழுக்களிலும் தேய்ந்து தேர்ந்த பிறகே 1969-ல் பெர்லின் போனார்.

தனியே கிளம்பி இரண்டே வருடத்தில் சோதனை வந்தது. 1977-ல் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் மோட்டார் சைக்கிள் மோதிக் கால்கள் முறிந்தன. மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். நல்லவேளை, குழலுக்குக் கால் தேவையில்லை.

அடுத்த வருடமே ஜான் டென்வரின் 'ஆனீஸ் சாங்' மெட்டைத் தன் குழலில் வாசித்து வெளியிட்டார். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது மூன்றாவது இடம்வரை போனது. நம் சபாக்களில் துக்கடாவுக்கு இருக்கும் மரியாதைகூட அங்கே பாப் மெட்டுகளுக்குக் கிடையாது. தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். ஆனால் மொஸார்ட்டைக் கேட்டே இராத வீடுகளிலும் அவர் பெயர் புகுந்தது. புகழ் தந்த செல்வாக்கை அவர் வீணாக்கவில்லை என்பதுதான் முக்கியம். வாசிக்கப் போதிய உருப்படிகள் இல்லையென்றால், எழுதவைப்பது என்று இறங்கினார். பார்வையற்ற ஸ்பானிஷ் மேதை ஹோவாகின் ரொத்ரிகோ அவருக்காகவே 'கான்சியெர்தோ பாஸ்தொரால்' எழுதினார். விரல்களைத் திணறடிக்கும் அந்தப் படைப்பு 1978-ல் அரங்கேறியது.

2001-ல் பிரிட்டிஷ் ராணி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். ஆனால் அவரது துணிச்சலுக்கு நல்ல உதாரணம் 1982-ல் லாஸ் ஏஞ்சலீஸில் அரங்கேறிய 'பைட் பைப்பர் ஃபேன்டசி'. ஜான் கொரிலியானோ அதையும் அவருக்காகவே எழுதினார். ஊர் எலிகளை மயக்கிய குழல்காரன் கதை அது. வேஷம் கட்டி, மேடையில் நடந்தபடியே வாசிக்க வேண்டும். முடிவில் சபையிலிருந்து சிறுவர் சிறுமியர் குழலும் முரசுமாக எழுந்து வருவார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு, இசைக்குழுவை மேடையிலேயே விட்டுவிட்டு, குழல்காரன் அரங்கைவிட்டு வெளியே நடப்பான்.