கேம்பல் பேயில் வளரத்தக்க தீவனப்புல் எது?

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கம்பையும் யானைப்புல் எனப்படும் நேப்பியரையும் இனக்கலப்பு செய்து உருவாக்கப்பட்ட பல்லாண்டுத் தீவனப் பயிர். பெற்றோர் இரண்டும் ஆப்பிரிக்க மண்ணுக்குரியவை. கம்பின் தட்டையில் சத்தும் மென்மையும் உண்டு. ஆனால் அது ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நேப்பியர் ஆண்டுக்கணக்கில் தூர்கட்டித் தழைக்கும். ஆனால் தண்டு முரடு, இலையில் சுனை. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டும் முயற்சியில் கோயம்புத்தூர் 1953-லேயே இறங்கிவிட்டது. டெல்லியின் பூசா நிறுவனம் 1961-இல் பூசா ஜெயண்ட் ரகத்தைத் தந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் கோ 4 ரகத்தையும், 2012-இல் கோ 5 ரகத்தையும் வெளியிட்டது. இன்று தமிழகத்தின் கிணற்றடிகளில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

இந்தப் புல்லின் தனித்தன்மை அதன் மலட்டுத்தன்மையில் இருக்கிறது. கம்பின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள், நேப்பியரில் 28. ஒன்றிலிருந்து 7, மற்றதிலிருந்து 14 என்று சேர்ந்து ஒட்டுப்புல்லுக்கு 21 கிடைக்கின்றன. ஒற்றைப்படையான இந்தத் தொகுதி சரிசமமாகப் பிரிய முடியாததால் கதிர் வந்தாலும் விதை பிடிப்பதில்லை. கலப்பில் முளைத்த நாற்றுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. அவற்றுள் சிறந்த ஒரு செடியைத் தேர்ந்து, அதன் கரணைகளைக் கொண்டே பெருக்குகிறார்கள். ஆகவே ஒரு ரகம் என்பது உண்மையில் ஒரே செடி. எந்தத் தோட்டத்தில் நின்றாலும் அதே செடிதான்.

கோ 4 ரகத்துக்கு எக்டருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் பசுந்தீவனம் என்று மகசூல் சொல்லப்படுகிறது. 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், பிறகு 45 நாளுக்கு ஒரு மறுதாம்பு அறுப்பும் எடுத்து, ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் தழைச்சத்து இட்டு, தவறாமல் நீர் பாய்ச்சினால் கிடைக்கும் கணக்கு அது. வெயிலும் பாசனமும் வடிகாலும் சேர்ந்தமைந்த கோவை வயலுக்கு அது பொருந்தும். இந்திய நாட்டின் தெற்கு ஓரத்தில், கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் கேம்பல் பேயில் கணக்கு வேறு.

1969-இலிருந்து தமிழ்நாடு, பஞ்சாப், கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீவின் கரை தாழ்ந்தது. தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. ஆழிப்பேரலை பின்வாங்கிய பிறகும் தாழ்ந்த நிலத்தின் ஒரு பகுதி கடலுக்கே போயிற்று. இன்னொரு பகுதியில் உவர்ப்பும் நீர்தேக்கமும் தங்கிவிட்டன. மாட்டுக்குப் போடும் வைக்கோல் பருமனான சரக்கு. அதைப் போர்ட் பிளேரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் ஏற்றி வந்து மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாது. தீவனம் அங்கேயே விளைய வேண்டும்.

மழைக்குக் குறைவில்லை, இரண்டு பருவமழையும் பெய்து தீர்க்கும். தடையாக நிற்பது வடிகால். தண்ணீர் தேங்கினால் ஒட்டுப்புல்லின் வேர் அழுகும். தாழ்வான நிலத்துக்குப் போர்ட் பிளேரில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த வழி, மண்ணை வெட்டி அகன்ற மேட்டுப்பாத்தியும் அதையொட்டி ஆழமான வாய்க்காலும் அமைப்பது. மேட்டில் காய்கறியோ தீவனப்புல்லோ. வாய்க்காலில் நெல்லும் மீனும். மேட்டில் தேங்கும் உப்பை மழையே கழுவிவிடுகிறது. 

தென்னந்தோப்பில் தடை நிழல். ஒட்டுப்புல் முழு வெயில் கேட்கும் பயிர். நிழலில் தூர் குறையும். நிழலைத் தாங்குவது கினியாப்புல். நீர் நிற்கும் பள்ளத்தில் நீர்ப்புல் வரும். இப்படி இடத்துக்கொரு புல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் கிரேட் நிகோபார் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. குடியிருப்பின் எல்லையிலேயே மழைக்காடு தொடங்குகிறது. கினியாப்புல் விதையால் பரவும். ஹவாய்த் தீவுகளில் கைவிட்ட தோட்டங்களில் அது மண்டி, காய்ந்து, காட்டுத்தீக்கு இரையாகிப் பெருந்தீங்கு செய்தது. நீர்ப்புல் ஆஸ்திரேலியாவின் சதுப்புநிலங்களை அடைத்தது. நேப்பியர்கூட ஃபுளோரிடாவில் களையாகிவிட்டது. விதை பிடிக்காத ஒட்டுப்புல்லில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மகசூல் பாதியாகக் குறைந்தாலும் கேம்பல் பேக்கு இதுவே தகுந்தது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். தண்டும் வேர்ப்பகுதியும் துளிர்க்கக்கூடியவை என்பதால், வெட்டிய கழிவை ஓடையில் வீசாமல் இருந்தால் சரி.

பாதி மகசூலிலும் நிலம் அதிகம் தேவைப்படுவதில்லை. ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 30 கிலோ என்றால் ஆண்டுக்குச் சுமார் 11 டன். 15 சென்ட் இடத்தில் இரண்டாயிரம் கரணைகள் ஊன்றினால் அது கிடைத்துவிடும். மாட்டை அதில் மேயவிடக் கூடாது. மிதிபட்டால் தூர் கெடும். அறுத்துக்கொண்டு வந்து நறுக்கிப் போடுவதே முறை.

புல்லில் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தோடு கலந்து கரையாத உப்பாகிவிடுவதால், பால் கறக்கும் மாட்டுக்குக் கால்சியம் போதாமல் போகலாம். இளம் புல்லில் இது அதிகம், முற்றினால் குறையும். ஆனால் முற்றினால் புரதமும் குறைந்து நார் ஏறும். 45 நாள் என்பது இரண்டுக்கும் நடுவே கண்ட அளவு. அதோடு தாது உப்புக் கலவையும், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் சேர்ந்தால் குறை தீரும். புதிதாகக் கொடுக்கும்போது அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் அசையூண் வயிற்றில் பெருகிவிடும்.

எல்லாத் தோட்டத்திலும் ஒரே செடி நிற்பதால், அதைத் தாக்கும் நோய் ஒன்று வந்தால் எல்லாவற்றையும் தாக்கும். கென்யாவிலும் உகாண்டாவிலும் நேப்பியரைக் குட்டையாக்கி மஞ்சளடித்த நோய், தத்துப்பூச்சிகளால் மட்டுமன்றிக் கரணை வழியாகவும் பரவியது. எனவே பெருநிலப்பரப்பிலிருந்து ஒவ்வொரு பருவமும் கரணை இறக்குவதைவிட, நோயற்ற சில தூர்களை ஒருமுறை கொண்டுவந்து, தனிப் பாத்தியில் வைத்துக் கண்காணித்து, மூன்று மாதத் தண்டிலிருந்து இருபருக் கரணைகள் வெட்டித் தீவிலேயே பெருக்கிக்கொள்வது பாதுகாப்பானது.