ஜப்பானிலும் க, ச, த, ந

கோத்தகிரியிலிருந்து நர்சிங் படிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக ஆசையாம். ஜப்பானிய எழுத்துகளை வீட்டிலிருந்தே படித்துவிட முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஹிரகானா 46, கதகானா 46. இரண்டுமே நம் எழுத்தைப் போல ஒலியைக் குறிப்பவை. சீனத்திலிருந்து வந்த கன்ஜி, அரசு வகுத்த அன்றாடப் பட்டியலில் மட்டுமே 2,136. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். கன்ஜி மெதுவாக வரட்டும். முதல் இரண்டைப் படிக்கத் தமிழருக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது.

ஹிரகானா அட்டவணையை எடுத்துப் பாருங்கள். உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்வரிசையில் ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற ஆகியவற்றை நீக்கினால் ஏறக்குறைய இதுதான் மிஞ்சும். காரணம், சமஸ்கிருத வரிசையும் நம் வரிசையைப் போன்றதே. பௌத்தத் துறவிகள் வழியே சமஸ்கிருத ஒலியியலும் அதை எழுதும் சித்தம் எழுத்தும் ஜப்பானுக்குப் போயின. 806இல் சீனாவிலிருந்து திரும்பிய குகாய் என்ற துறவியும் அந்தக் கல்வியைக் கொண்டுபோனார். அதில் ஊறியவர்கள் தங்கள் மொழியின் ஒலிகளையும் அப்படியே அடுக்கிவிட்டார்கள். ‘ப’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ ஏன்? பழைய ஜப்பானியத்தில் அது ‘ப’வாகத்தான் ஒலித்தது. உதட்டில் பிறந்த ஒலி நாளடைவில் தொண்டைக்குப் போய்விட்டது. வரிசையில் இடம் மட்டும் மாறவில்லை. இன்றும் ‘ஹ’வின் தலைமாட்டில் சிறு வட்டம் போட்டால் அது ‘ப’. கடைசி எழுத்து, நமக்கு இருப்பதைப் போலவே, ‘ன்’. அது பின்னால் வந்து சேர்ந்தது. இந்த ஒற்றுமை மட்டும் தற்செயல்.

பழகுவதற்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஜப்பானியக் குழந்தைகளின் நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக்கோட்டில் ஒரு கூட்டல் குறி இருக்கும். பென்சிலால் நாமே போட்டுக்கொள்ளலாம். எழுத்து எந்தக் கால்பகுதியில் தொடங்கி எதில் முடிகிறது என்று அது காட்டிவிடும். கூடவே கைபேசியில் ஆன்கி என்ற செயலி. 2006இல் வந்தது, ஆண்ட்ராய்டில் இலவசம். தடுமாறிய எழுத்தைச் சீக்கிரமும், தெரிந்ததை நாள் தள்ளியும் மறுபடி கேட்கும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ரவுண்டு போலத்தான்: முந்திப் போனால் கொழுந்து இருக்காது, பிந்தினால் இலை முற்றிவிடும்.

ஆனால் செயலியோடு நிறுத்திவிடுவதுதான் இன்று நடக்கிறது. சென்னையிலும் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், கையால் எழுதவே வேண்டாம். அதனால் சில பயிற்சி வகுப்புகள் எழுத்துப் பயிற்சியையே கைவிட்டுவிட்டன. ரோமன் எழுத்தில் பாடம் நடத்துவதும் உண்டு. இது மாணவருக்குச் செய்யும் அநியாயம். கதகானாவில் ‘ஷி’, ‘ட்சு’ இரண்டுமே இரு சிறு கோடும் ஒரு நீளக் கோடும்தான். ‘ஷி’யில் நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும், ‘ட்சு’வில் மேலிருந்து கீழே இறங்கும். கண்ணால் மட்டும் படித்தவர் கடைசிவரை குழம்புவார். எழுதிப் பழகிய கைக்கு அந்தச் சந்தேகமே வராது. ஜப்பானில் நம் பெயரை நிரப்பப் போவதும் இந்தக் கதகானாவில்தான்.

எனவே வாசகிக்கு: தினம் ஒரு வரிசை, கோடுகளின் முறை பிசகாமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ரோமன் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை மட்டும் வாங்காதீர்கள்.