கோழியின் உள்ளங்கால் கட்டி: வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

நாட்டுக்கோழி பகல் முழுவதும் மேய்ந்து கிளறுவதும் இரவில் கழியைப் பற்றி அடைவதும் அதே இரண்டு பாதங்களைக் கொண்டுதான் என்பதால், உள்ளங்கால் தோலில் ஏற்படும் சிறு கீறலும் ஓய்வின்றி அழுத்தப்பட்டு, ஆற வழியின்றிக் கட்டியாக மாறிவிடுகிறது. கால்நடை மருத்துவம் இதனைப் பாதத் தோல் அழற்சி என்கிறது. நலமான கோழியின் தோலிலும் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவே பெரும்பாலும் இதற்குக் காரணமாகிறது. ஆனால் தோல் உடைந்து வழிவிடும்வரை அது உள்ளே புகுவதில்லை.

புறக்கடையில் மேயும் கோழிக்குச் சீமைக்கருவேல முள், உடைந்த ஓடு, கம்பி முனை ஆகியவை அந்த வழியைத் திறந்துவிடுகின்றன. எடை மிகுந்த பெருவிடைச் சேவல்கள் உயரத்திலிருந்து சொரசொரப்பான சிமென்ட் தரையில் குதிக்கும்போது உள்ளங்கால் கன்றிப்போகிறது. வளர்ப்போரின் கண்ணில் எளிதில் படாதது ஈரம்தான்: தண்ணீர்த் தட்டைச் சுற்றி எச்சத்தோடு ஊறிக் கிடக்கும் தரையில் நாள்தோறும் நிற்கும் கோழியின் பாதத்தோல் மென்மையாகி, எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவால் அரிக்கப்பட்டு, முள்ளே குத்தாமல் புண்ணாகிவிடுகிறது. தோலின் உறுதிக்குத் தேவையான வைட்டமின் ஏ, பயோட்டின் ஆகியவை தீவனத்தில் குறைவதும் இதற்குத் துணைபோகிறது.

நோயுற்ற கோழி ஒரு காலைத் தூக்கியவாறே நிற்கும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலின் நடுத்திண்டு வீங்கிச் சூடாக இருப்பதும், அதன் மேல் கரும்பழுப்பு நிறத்தில் வட்டமான ஒரு பொருக்கு ஒட்டியிருப்பதும் தெரியும். அந்தப் பொருக்குக்குக் கீழே இருப்பது மனிதருக்கு வருவது போன்ற நீர்த்த சீழ் அன்று. கிருமிகளோடு போரிடும் மனித வெள்ளணுக்களில் உள்ள நொதிகள் சிதைந்த திசுவைக் கரைத்து நீர்மமாக்குகின்றன; பறவைகளின் வெள்ளணுக்களில் அத்தகைய நொதிகளுள் சில இல்லாமையால், சீழ் உலர்ந்த பாலாடைக்கட்டி போல இறுகிக் கருவாக உறைந்துவிடுகிறது. எனவே, கட்டியைப் பிதுக்குவதால் எதுவும் வெளியேறாது. அழுத்தம் தொற்றை மேலும் ஆழத்துக்கு, தசைநாண் வரைக்கும் எலும்பு வரைக்கும்கூடத் தள்ளிவிடக்கூடும்.

நொண்டும் கோழிக்கெல்லாம் இந்நோயே என்று முடிவு கட்டலாகாது. வீக்கமின்றி ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக விறைத்துக் கிடந்தால் அது மாரெக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு வெண்மையாகத் தடித்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணியின் வேலை. பல கோழிகள் ஒருசேர மூட்டு வீங்கி நொண்டினால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

தொடக்கநிலைக் கட்டிக்கு வீட்டுப் பராமரிப்பு நல்ல பயன் தரும். கோழியைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ளும்போது மார்பெலும்பை அழுத்தக் கூடாது; பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்புக்கூட்டின் அசைவாலேயே அது மூச்சுவிடுகிறது. எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்த, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் பாதத்தை 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, சோப்பால் கழுவி, நீர்த்த பொவிடோன் அயோடினால் துடைக்க வேண்டும். ஊறிய பொருக்கு தானாகக் கழன்று வந்தால் வரட்டும். வராததைப் பிய்ப்பது குருதிப்பெருக்கையே தரும். பின்னர் காஸ் துணி வைத்து, விரல்களுக்கு இடையே குறுக்காகக் கட்டுப் போட்டு, ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டுக்குக் கீழே விரல்கள் குளிர்ந்தாலோ வீங்கினாலோ கட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் ஆறவேண்டிய திசுவையே பொசுக்குவன. அவற்றைத் தவிர்ப்பதே முறை.

கருவைக் கத்தியால் தோண்டி எடுப்பதைப் பலர் வீட்டிலேயே செய்துவிடுகின்றனர். மரத்துப்போகச் செய்யாமல் உயிருள்ள பாதத்தை அறுப்பது கொடுமை என்பதோடு, நாணும் நரம்பும் நெருங்கியுள்ள அவ்விடத்தில் தவறு நேர்ந்தால் கோழி நிரந்தரமாக முடமாகும். வீக்கம் குறையாவிட்டாலும், கணுவுக்கு மேலே ஏறினாலும், கோழி இரை எடுக்காமல் சோர்ந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்வதே சரி. ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அங்கேதான் முடிவுசெய்ய இயலும். கொடுக்கப்பட்டால், மருத்துவர் குறிக்கும் நாள்வரை அக்கோழியின் முட்டையும் இறைச்சியும் உணவுக்கு ஆகா. இதே பாக்டீரியா மனிதரையும் தொற்றுவதால், புண்ணைத் தொடும்போது கையுறை அணிவதும், கழற்றிய கட்டை எரித்துவிடுவதும் வேண்டும்.

புண் ஆறிய கோழி பழைய தரைக்கே திரும்பினால் கட்டியும் திரும்பும். ஆகவே, நெல் உமியையோ மரத்தூளையோ கனமாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளி எறிந்து, அடையும் கழியை முனை மழுங்க இழைத்துத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். பெருவிடைக்கு ஒன்றரை அடி உயரமே போதும். கோழிகள் அடைந்த பின் பிடிப்பது எளிது என்பதால், வாரம் ஒருமுறை அந்நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தால், பொருக்கு கட்டுவதற்கு முன்பே சிவப்பைக் கண்டுகொள்ளலாம்.