பெரியம்மாவின் பானகத்துக்கு ‘டி’ தரம்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று நாள்காட்டியில் எதுவும் இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றவருக்கு அது இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச அளவை 40 ஆண்டுகளுக்குப் பிறகு அது எட்டிப் பிடித்தது.

இப்படிப்பட்ட நாள்களில் விரிவுரை முடிந்து வெளியே வரும் மாணவர்களின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐந்தாறு வெள்ளி கொடுத்தால் ஒரு பெரிய குவளை பபிள் டீ கையில் வந்துவிடும். வாரத்துக்கு மூன்று முறை என்றாலும் மாதத்துக்கு அறுபது, எழுபது வெள்ளி. விடுதியில் தங்கிப் படிக்கும் எனக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. வீட்டிலேயே செய்யும் பானங்களைக் கற்றுக்கொண்டால் காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது என்று எண்ணிக்கொண்டு, ஈசூனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை ஒரு மின்னிலக்கத் தராசுடன் போனேன்.

எதற்குத் தராசு? பெரியம்மாவின் சமையலில் அளவு என்பது கண்ணும் கையும்தான். “உப்பு எவ்வளவு?” என்று கேட்டால் “போடுற அளவு” என்பார். “தண்ணீர்?” “ஊத்துனா உனக்கே தெரியும்.” தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது அவருக்கு. எழுதி வைத்த சமையல் குறிப்பு ஒன்றுகூட இல்லை. அவர் போடுவதை அவர் போடுவதற்கு முன் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வது என் திட்டம். “இது என்ன, நகைக்கடையா?” என்று சிரித்தாலும் ஒத்துழைத்தார்.

முதலில் நீர்மோர். 200 கிராம் இனிப்பில்லாத தயிருக்கு 800 மில்லிலிட்டர் தண்ணீர். தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே தயிரை நன்றாகக் கடைந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு கடைந்தால் கட்டிகள் தப்பித்து மேலே மிதக்கும். ஒரு சிறு துண்டு இஞ்சி, பாதிப் பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சிறிய உரலில் இடித்து, மோரில் கலந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை பெருங்காயம், கொஞ்சம் கொத்தமல்லித்தழை. பெரியம்மா கடுகு தாளிப்பார். விடுதி அறையில் தாளிக்க முடியாது. தாளிக்காமலேயே நன்றாக இருக்கிறது. உரலும் இல்லையென்றால் இஞ்சியைத் துருவி, கறிவேப்பிலையைக் கையால் கிழித்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பெரிய போத்தலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால் போதும். ஒரு லிட்டர் கிடைக்கும். நான்கு பேருக்குத் தாராளமாகக் காணும். ஒரு குவளைக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது.

வியர்வையில் நாம் இழப்பது தண்ணீர் மட்டுமன்று, உப்பும்தான். காற்பந்து விளையாடிவிட்டு வந்தவருக்கு மோர் ஏன் அவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு காரணம். அதற்காக உப்பை அள்ளிப் போடக்கூடாது. ஒருவர் ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேலே சொன்ன அளவில் ஒரு குவளைக்கு ஒரு கிராம்கூட வராது.

அடுத்தது பானகம். ஸ்ரீராம நவமிக்குக் கோயிலில் சிறிய குவளையில் கொடுப்பார்களே, அதேதான். சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு, வெல்லம். ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் குடிப்பதோடு பெரியம்மா நிறுத்திக்கொள்வதில்லை. வெயில் கூடிவிட்டால் வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டில் பானகம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அவர் எடுத்த வெல்லத்தைத் தராசில் வைத்தேன். 160 கிராம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பேரங்காடியில் பானங்களின்மீது ஒட்டப்பட்டிருக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு நினைவுக்கு வந்தது. 2022 டிசம்பர் 30 முதல் போத்தலிலும் டின்னிலும் விற்கப்படும் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையிலேயே தயாரித்துத் தரப்படும் பானங்களுக்கும் அது நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் 1 கிராம் சீனி வரை இருந்தால் ‘ஏ’ (செயற்கை இனிப்பும் இருக்கக்கூடாது), 5 கிராம் வரை ‘பி’, 10 கிராம் வரை ‘சி’, அதற்கு மேல் ‘டி’. நிறைவுற்ற கொழுப்புக்கும் இதேபோல் தனி வரம்பு உண்டு. ‘டி’ தரம் பெற்ற பானங்களுக்கு விளம்பரம் செய்யவே அனுமதி இல்லை.

வீட்டுச் சமையலறைக்கு இந்த விதி பொருந்தாதுதான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லையே! 100 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 85 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், 160 கிராமில் 136 கிராம். வெல்லம் கரைந்ததும் பானகம் 1.1 லிட்டராகிறது. அப்படியானால் 100 மில்லிலிட்டருக்கு 12 கிராமுக்கும் மேல். பெரியம்மாவின் பானகம் ‘டி’!

அவர் இதை இலேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “அது சீனிக்கு. இது வெல்லம்” என்றார்.

இந்த ஒரு வரியை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! வெள்ளைச் சீனி கெடுதல், நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பனங்கற்கண்டும் நல்லவை. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் பிற தாதுப் பொருள்களும் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். உடம்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிய பாத்திரம் எது என்று இரத்தம் கேட்பதில்லை. வெல்லத்துக்கு மணமும் நிறமும் உண்டு. அதற்காக அதை விரும்பலாம். மருந்தாக நினைத்தால்தான் சிக்கல்.

இதைப் பேச்சுக்காக மட்டும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து கோப்பிக்கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ தான் கேட்கிறார். தீபாவளிப் பலகாரத்தையும் விட்டுக்கொடுத்தார். ஆனால் வீட்டுப் பானகத்தை மட்டும் விடவில்லை. விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. 200 மில்லிலிட்டர் குவளையில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. சிங்கப்பூர் 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இங்கு சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது தேசிய ஆய்வுகளில் தொடர்ந்து தெரியவரும் செய்தி. கடையில் விற்கும் குவளையில் குறியீடு இருக்கிறது. வீட்டுச் செம்பில் அது கிடையாது.

கணக்கைக் கேட்ட பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, எவ்வளவு போட்டா தேவலாம்?” என்றார். அப்போதிருந்து தராசு என் கையில் இல்லை, அவர் கையில்.

100 கிராம் வெல்லம் போட்டதில் தரம் ‘சி’க்கு வந்தது. 50 கிராமில் 100 மில்லிலிட்டருக்கு நான்கு கிராமுக்குச் சற்று மேல், ‘பி’. ஆனால் வெறுமனே வெல்லத்தைக் குறைத்தால் தண்ணீரைக் குடிப்பதுபோல் இருந்தது. அங்கேதான் அவருடைய முப்பது ஆண்டு அனுபவம் வேலை செய்தது. சுக்குத்தூளை அரைத் தேக்கரண்டியாகக் கூட்டினார். நான்கு ஏலக்காயை அப்போதே தட்டிப் போட்டார். எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தார், ஏனென்றால் புளிப்பு கூடினால் இனிப்பைத் தேடும். ஒரு சிட்டிகை உப்பு, நான்கைந்து துளசி இலை. இன்னொன்றும் செய்தார்: ஐஸ் போடவில்லை. மிகவும் குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும், அதனால்தான் ஐஸ் போடும் பானங்களில் சீனி அதிகமாகக் கொட்டப்படுகிறது. மிதமான குளிர்ச்சியில் 50 கிராம் வெல்லமே தன்னைக் காட்டிக்கொண்டது.

அவர் வீட்டில் தேக்காவில் வாங்கிய மண்பானை ஒன்றும் இருக்கிறது. “ஊர்ல இருந்த மாதிரி இங்க தண்ணி குளிர மாட்டேங்குது, பானை சரியில்ல” என்பது அவருடைய நெடுநாள் குறை. பானை பாவம், அதன்மேல் பிழை இல்லை. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் நீர் விரைவாக ஆவியாகும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். நம் வியர்வைக்கும் இதே கதிதான். வியர்வை சுரக்கிறது, ஆனால் காய்வதில்லை. அதனால் உடம்பு குளிர்வதில்லை, சட்டை மட்டும் நனைகிறது. 33 டிகிரிகூட இங்கே அவ்வளவு புழுக்கமாக இருப்பது இதனால்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே குடிக்க வேண்டும் என்று சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

தாகத்துக்கு முதல் தேர்வு சாதாரணத் தண்ணீர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அலுக்கும்போதுதான் மற்றவை.

சீனிக்கு அதிகம் இடம் தராத இன்னொன்று, சிறிய லிமாவ் கஸ்தூரி எலுமிச்சைச் சாறு. நான்கு பழங்களை 250 மில்லிலிட்டர் தண்ணீரில் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி சீனியும் சேர்த்தால் போதும். ‘பி’ தரத்துக்குள் அடங்கிவிடும். இதில் ஊறவைத்த சப்ஜா விதையைப் போட்டால் குடிப்பதற்கு ஒரு சுவாரசியம் கிடைக்கும். பபிள் டீயில் முத்துகளை மெல்லும் அந்தப் பழக்கத்துக்கு இது ஓரளவு ஈடு செய்கிறது. முழுவதும் ஈடு செய்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு தேக்கரண்டி விதையை ஒரு குவளைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் பூத்துவிடும். ஊறாமல் வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், கவனம்.

பண்டுங் பற்றி என்ன சொல்வது? ரோஜாப் பாகும் கெட்டிப் பாலும் சேர்ந்த அந்த இளஞ்சிவப்பு பானம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டுமே சீனியில் தோய்ந்தவை. பெரியம்மா அதைக் குறைத்துப் பார்த்தார், கெட்டிப் பாலுக்குப் பதில் சாதாரணப் பால் ஊற்றிப் பார்த்தார். நான் கேட்டால் ‘பரவாயில்லை’ என்பேன். சில பானங்களை மாற்றிக் கெடுப்பதைவிட எப்போதாவது ஒருமுறை அப்படியே குடித்துவிடலாம்.

வயிற்றுக்கும் ஏதாவது வேண்டுமே. வெயில் நாளில் பெரியம்மா வீட்டு மதிய உணவு தயிர்ச்சாதம். விடுதியில் அரிசி வேகவைக்கும் மின்பானை இருந்தால் இதைச் செய்துவிடலாம். சோற்றைச் சற்றுக் குழைவாக வடித்து, சூடாக இருக்கும்போதே மசித்துப் பால் ஊற்ற வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் தயிர். அதுவும் இரண்டு கரண்டி போதும். பால் அதிகம், தயிர் குறைவு என்பதால் பகல்வரை புளிக்காது. துருவிய வெள்ளரிக்காயும் கேரட்டும் கலந்தால் பச்சடி தனியாக வேண்டாம். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், அதைப் பெரியம்மாவிடமிருந்து ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். வெயிலில் சுற்றுவதாக இருந்தால் குளிரூட்டிய பையிலோ வெப்பத்தைத் தடுக்கும் பாத்திரத்திலோ எடுத்துச் செல்லுங்கள். மோருக்கும் அப்படியே. காலையில் கொண்டுபோன மோரை மாலையில் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் வேலை வேண்டாம், மதியத்துக்குள் குடித்துவிடுங்கள்.

கொஞ்சம் நாள்தாங்கும் பானம் வேண்டுமென்றால் பார்லித் தண்ணீர். 60 கிராம் பார்லியைக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில், முடிச்சிட்ட இரண்டு பாண்டான் இலைகளோடு சிறு தீயில் 40 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி இதில் பூசணி மிட்டாய் போடுவார். பெரியம்மா ஒன்றும் போடமாட்டார், பாண்டான் மணமே போதும் என்பது அவர் கட்சி. வடிகட்டி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். வெந்த பார்லியைக் கொட்டிவிடாதீர்கள், உப்பும் மோரும் ஊற்றினால் அதுவே ஓர் இரவு உணவு.

சென்ற வாரம் பெரியம்மா என்னை அழைத்தார். 50 கிராம் பானகத்தைப் பெரியப்பா “சப்புன்னு இருக்கு” என்று சொல்லி முதல் நாள் பாதியிலேயே வைத்துவிட்டாராம். நான்காம் நாள் முழுக் குவளையும் காலி. இப்போது 40 கிராமுக்கு இறக்கப் போவதாகவும், அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பெரியப்பா நாளிதழின் இந்தப் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்.