தேங்காயைப் போல ஸ்பீக்கர் பெட்டியையும் தட்டிப் பாருங்கள்

ஆடித் தள்ளுபடி, பொங்கல் விற்பனை என்று கடைக்கு ஒலிபெருக்கி வாங்கப் போகும் வணிகர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதைத்தான். விலையும் அதை வைத்தே பேசப்படுகிறது. ஆனால் வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் தாங்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் சத்தத்தின் அளவு அல்ல. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்டி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே காற்று தளர்கிறது. பெட்டியில்லாமல் மாட்டினால் பின்புற ஒலி சுற்றி வந்து முன்புற ஒலியைக் கழித்துவிடும். வரவும் செலவும் நேராகிக் கையிருப்பு இல்லாமல் போவது போலத்தான். கனத்த ஒலிக்கே இதில் நஷ்டம் அதிகம்.

முழுதும் மூடிய பெட்டி பின்புற ஒலியை உள்ளேயே அடைக்கிறது. அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல வேலை செய்யும். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் இறுகி, கனத்த ஒலி குறையும். 1954-ல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் கூம்பின் கட்டைத் தளர்த்தி, அந்தக் காற்றையே ஸ்பிரிங்காக நம்பி, சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியை வரவழைத்தார்.

துளை வைத்த பெட்டி வேறு வகை. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழுகிறதல்லவா, அதே தத்துவம். பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். துளையின் அகலமும் குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவுக்கும் ஸ்பீக்கருக்கும் பொருந்த வேண்டும். அழகுக்குத் துளை போட்ட பெட்டிகளும் சந்தையில் உண்டு. எந்தப் பாட்டைப் போட்டாலும் "டம் டம்" என்று ஒரே சுருதியில் அடிக்கும்.

வாங்கும்போது பெட்டியின் பக்கப் பலகையை விரல் மடக்கித் தட்டுங்கள். எண்ணெய் டின் போல அதிர்ந்தால் பலகை மெலிசு. பாட்டோடு பெட்டியும் சேர்ந்து பாடும். மூடிய பெட்டியில் மூலை இடுக்குகளில் காற்று கசியக் கூடாது.

வாசலில் விலை சொல்ல மட்டும் என்றால் கூம்பு வடிவ ஒலிபெருக்கியே லாபம். குறைந்த வாட்டில் பேச்சு தெளிவாக வெகுதூரம் போகும். பாட்டுக்கு ஆகாது. கடைக்குள்ளே பெரியது ஒன்றைவிட, சிறிய மூடிய பெட்டிகள் நாலைத் தள்ளித் தள்ளி மாட்டி மெதுவாக வைப்பது மேல்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல்தான் வரம்பு. வெளியே ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.