செல்போனுக்குள் ஓர் அக்கம்பக்கம்

விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் செராமிக் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள். மத்தியானம் கை ஓய்ந்தால் செல்போனில் 'ஹே டே' பண்ணை விளையாட்டுத்தான். "அதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். "என் பங்கை முடிக்கலேன்னா மத்தவங்களுக்கும் பரிசு குறையுமேக்கா!" என்றாள்.

பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012ல் வெளியிட்ட விளையாட்டு இது. 30 பேர் வரை ஓர் 'அக்கம்பக்க'மாகச் சேரலாம். வாரந்தோறும் 'டெர்பி' என்ற பந்தயம் நடக்கும். ஒருத்தி கோதுமை அறுப்பாள். இன்னொருத்தி படகில் சரக்கேற்றுவாள். ஆளுக்கு இத்தனை வேலை என்று கணக்கு உண்டு. ஒருத்தியே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. புள்ளிகள் ஒன்றாகச் சேரும்.

எங்கள் ஊர் பொம்மையும் அப்படித்தானே? அச்சில் வார்ப்பவர் ஒருவர், சூளையில் சுடுபவர் ஒருவர், கண் எழுதுபவர் ஒருவர். 'நீ இல்லாமல் ஆகாது' என்று பிறர் சொல்லக் கேட்பதில் தனி சுகம் இருக்கிறது.

ஆபத்தும் அதிலேதான். பங்கு பாக்கி என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் கண் போனை விட்டு நகராது, தூக்கம் கெடும், காசு கொடுத்து 'வைரம்' வாங்கத் தோன்றும்.

சகோதரிகளே, முடியாத வாரம் பந்தயத்திலிருந்து விலகி நிற்க விளையாட்டிலேயே வசதி உண்டு. கூட்டத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல சிநேகிதிகள் புரிந்துகொள்வார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: போனைப் பிடுங்கி வைக்குமுன், 'நீ இல்லாமல் ஆகாது' என்று நீங்களும் அவளிடம் சொல்லிப் பாருங்களேன்!